ஒப்பாரிக்கும் கும்மிக்கும் ஊரில் ஓரிடம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமப்புற மனநலம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, மருத்துவர் பற்றாக்குறையைச் சரியாகவே சுட்டியது. ஆயினும், துயரத்தைக் கூடிப் பாடி ஆற்றிக்கொள்ள எங்கள் செட்டிநாட்டுப் பெண்கள் வழிவழியாக வைத்திருந்த முறைகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தமளித்தது.

2021-இல், கொரோனா இரண்டாம் அலையின்போது, எங்கள் தெருவில் ஒருவர் இறந்தார். உடல் வீட்டுக்கே வரவில்லை. கட்டி அழ உறவுப் பெண்களும் வர முடியவில்லை. அவருடைய மனைவி அதன்பின் பல மாதங்கள் யாரிடமும் பேசாமல் முற்றத்துத் தூணில் சாய்ந்தே கிடந்தார். மறு ஆண்டு, பக்கத்து வீட்டு ஆச்சியின் துக்கத்துக்கு வந்தவர், தோளோடு தோள் அணைத்து வட்டமாக அமர்ந்திருந்த பெண்களின் நடுவே, தம் கணவரை விளித்துத் தாமே அடியெடுத்துப் பாடத் தொடங்கினார். மற்றவர்கள் அவருக்கு ஈடுகொடுத்து வாங்கிப் பாடினார்கள். அன்று மாலை அவர் வீட்டில் உலை வைத்ததை நான் பார்த்தேன். பிறர் வீட்டுச் சாவில் பெண்கள் தம் துக்கத்தையும் சேர்த்தே அழுகிறார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்ததே.

இன்றோ பல துக்க வீடுகளில் ஒலிபெருக்கியே அழுகிறது. முளைப்பாரி வளரும் நாள்களில் இரவுதோறும் கேட்ட கும்மியும் குறைந்துவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீடுகளில் தனித்திருக்கும் முதியோருக்குப் பேச்சுத்துணைகூட இல்லை.

கலைகள் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணைசெய்கின்றன என்பதை 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. எங்கள் மண்ணிலும் சான்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் முதியோருக்கு எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கம் பாட்டையும் வீதி நாடகத்தையும் கொண்டே ஊர்களுக்குள் நுழைந்தது; எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்கள், யாரையும் எதிர்பாராமல் சந்தைக்கும் வேலைக்கும் தாமே போய்வரத் தொடங்கினார்கள்.

மேடை போட்டு நடத்தும் கலைவிழாக்களை நான் குறைகூறவில்லை. அவை கலைஞர்களுக்குச் சோறு போடுகின்றன. ஆனால் நாற்காலியில் அமர்ந்து கேட்பதும், வட்டத்தில் நின்று தானே கைகொட்டிப் பாடுவதும் ஒன்றல்ல. எனவே சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகங்கள், மாவட்ட மனநலத் திட்டத்தையும் மகளிர் சுய உதவிக் குழுக்களையும் இணைத்து, ஊர்தோறும் மாதம் ஒரு மாலையேனும் பெண்கள் கூடிப் பாட நூலகத்தையோ சமுதாயக் கூடத்தையோ திறந்துவிட வேண்டும். மனநல ஆலோசகர் ஒருவர் உடனிருக்கட்டும். பாட்டறிந்த மூதாட்டிகளை ஆசிரியர்களாக மதித்து மதிப்பூதியம் தரட்டும். எந்தச் சாதிப் பெண்ணும் தயங்காமல் வந்து அமரக்கூடிய பொது இடமாக அது இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊரில் தாலாட்டும் ஒப்பாரியும் முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் இப்போது இருவரே. இருவருக்கும் எண்பது வயதைக் கடந்துவிட்டது. கூடம் கிடைக்கும்வரை எங்கள் வீட்டு முகப்பையே தரச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
காரைக்குடி வட்டம்.