பில்லில் எழுதாத வரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். நான் ஓய்வு பெற்ற பிறகும் சுங்கத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் பழைய கிளியரிங் ஆபீஸ் பையன்கள் சிக்கலான சரக்கு வந்தால் போன் பண்ணி, சுங்க அட்டவணையில் எந்தக் கோடில், அதாவது எந்தக் குறியீட்டு எண்ணில், போடலாம் என்று கேட்கிறார்கள். அதில் எனக்கும் ஒரு சந்தோஷம்தான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "இறக்குமதி வரியை ஏற்றினால் வெளிநாட்டுக்காரன்தானே கட்டப்போகிறான், நமக்கு என்ன நஷ்டம்?" என்று எழுதியிருக்கிறாய். உன் மகனின் பட்டறைக்கு வெளிநாட்டுச் சரக்கால் அடி விழுகிறது என்பதும் உன் கோபமும் புரிகிறது. ஆனாலும் ஆயுசு முழுக்க பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் படிவம்) போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வரியை வெளிநாட்டுக்காரன் கட்டி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவன் சரக்கைக் கப்பலில் ஏற்றிவிட்டு இன்வாய்ஸை அனுப்பியதோடு ஒதுங்கிவிடுவான். துறைமுகத்தில் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்வதும், மதிப்பின்மேல் கணக்குப் போட்ட வரியைக் கட்டிச் சரக்கை எடுப்பதும் உள்ளூர் இறக்குமதியாளர்தான். உலகத்தில் பெரும்பாலான துறைமுகங்களில் இதுதான் நடைமுறை.

"கட்டுவது இவர், சுமப்பது அவன்" என்று நீ திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்குகிறவர் கைவிட்டுப் போகக்கூடாது என்று ஏற்றுமதியாளர் விலையைக் குறைத்தால் பாரத்தில் ஒரு பங்கு அவர் தலையில் விழும். சில சரக்கில் அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் 2018-இல் அமெரிக்கா வரிசையாக வரி ஏற்றியபோது அமிட்டி, ரெட்டிங், வைன்ஸ்டைன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் சுங்கத்துறைப் புள்ளிவிவரங்களை வைத்து ஆராய்ந்தார்கள். வெளிநாட்டு விற்பனையாளர்கள் விலையை ஏறக்குறைய குறைக்கவே இல்லை, வரி முழுக்க அமெரிக்க இறக்குமதியாளர் மேலும் வாங்குகிறவர் மேலும்தான் விழுந்தது என்று தெரிந்தது.

அதோடும் நிற்காது. 100 ரூபாய்ச் சரக்கு, அதற்கு 25 சதவீத வரி என்று வைத்துக்கொள். மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் ஆளுக்கு 20 சதவீதம் லாபம் வைத்தால், வரி இல்லாத சரக்கு 144 ரூபாய்க்குக் கடைக்கு வரும். வரி கட்டிய சரக்கு 180 ரூபாய் ஆகும். அரசாங்கத்துக்குப் போனது 25 ரூபாய், வாங்குகிறவர் கையிலிருந்து கூடுதலாகப் போனது 36. ஏனென்றால் லாபத்தைச் சதவீதமாக வைக்கிறவர்கள் வரியின் மேலேயும் சேர்த்துத்தான் வைக்கிறார்கள். அப்புறம் வட்டி வேறு இருக்கிறது. சரக்கு விற்றுப் பணம் வருவதற்கு முன்னாலேயே வரியைக் கட்டியாக வேண்டும். பெரிய கம்பெனி வங்கியில் குறைந்த வட்டிக்கு வாங்கிச் சமாளித்துவிடும். சின்ன இறக்குமதியாளருக்கு வரி இரண்டு மடங்கானால் அன்றைக்கே முதல் போதாது. எத்தனையோ பேர் கன்டெய்னர் வந்து இறங்கியும் வரிக்குப் பணம் புரட்ட முடியாமல் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறுவதைப் பார்த்துக்கொண்டு ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகங்களை என்னால் மறக்க முடியாது.

ஒரு சாமானை மட்டும் எடுத்துக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், துணி துவைக்கும் இயந்திரம். அமெரிக்காவில் முதலில் கொரியாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்தவற்றின் மேல் மட்டும் வரி போட்டார்கள். கம்பெனிகள் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றின. சீனச் சரக்குக்கும் வரி வந்தது, தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் போயின. அந்த வருஷங்களில் கடைவிலை பெரிதாக ஏறவில்லை, ஒரு வாசலை மூடினால் இன்னொரு வாசல் திறந்திருந்தது. பிறகு 2018-இல் ஏறக்குறைய எல்லா நாட்டுச் சரக்குக்கும் சேர்த்து வரி போட்டார்கள். வருஷத்தில் வரும் முதல் 12 லட்சம் இயந்திரங்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வந்தால் 50 சதவீதம். இந்தத் தடவை ஓட இடமில்லை. விலை சராசரியாக 12 சதவீதம், ஒரு இயந்திரத்துக்குச் சுமார் 86 டாலர் ஏறியது.

வெளிநாட்டுச் சரக்கு மட்டும் ஏறவில்லை, உள்நாட்டில் செய்ததும் கூடவே ஏறியது. போட்டியாளர் விலை உயரும்போது தன் விலையை அப்படியே வைத்திருக்க எந்தக் கம்பெனிக்கும் அவசியமில்லை. அதைவிட எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு இந்த வரியே கிடையாது. ஆனாலும் அதன் விலையும் சுமார் 92 டாலர் ஏறியது! இரண்டையும் ஜோடியாக வாங்குவது அங்கே வழக்கம். அதனால் கடைக்காரர்களும் கம்பெனிகளும் ஏற்றத்தை இரண்டின் மேலும் பகிர்ந்து வைத்துவிட்டார்கள். வரியே இல்லாத பொருளுக்கு மக்கள் வரி கட்டினார்கள்.

வேலை வந்ததா என்று கேட்பாய். வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கொரியக் கம்பெனிகள் டென்னசியிலும் தென் கரோலினாவிலும் ஆலை போட்டன, உள்நாட்டுக் கம்பெனியும் ஆள் எடுத்தது. மொத்தம் சுமார் 1,800 வேலைகள் என்று ஃபிளேன், ஹோர்டாசு, டின்டல்நாட் ஆகியோரின் ஆய்வு கணக்கிட்டது. வாங்குகிறவர்கள் கூடுதலாகக் கொடுத்தது வருஷத்துக்கு 150 கோடி டாலருக்கும் மேல், அரசுக்கு வரியாக வந்தது 8 கோடியே 20 லட்சம் டாலர். வந்த வரியைக் கழித்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு வருஷத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் மக்கள் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தொழிலாளிக்குக் கிடைத்த சம்பளம் அதில் சின்னத் துண்டு.

இந்தக் கணக்கு ஏன் யாருக்கும் உறைப்பதில்லை தெரியுமா? விற்பனை வரி என்றால் பில்லின் அடியில் தனியாக அச்சாகிறது, பார்த்துத் திட்டலாம். சுங்க வரி பில்லில் எங்கேயும் இருக்காது. விலைக்குள் கரைந்துவிடும். ஆலை திறப்பு விழாவை எல்லோரும் பார்க்கிறார்கள், 86 டாலரை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இந்த வரி மேல் இருக்கும் முதல் மனக்குறையே இதுதான். ஏற்றுவதென்றால் ஏற்றட்டும், யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது தெரியும்படி ஏற்றட்டும்.

இரண்டாவது குறை, இல்லாதவர்களைத்தான் இது அதிகம் உறிஞ்சும். அமெரிக்கச் சுங்க அட்டவணையில் பின்னல் ஸ்வெட்டர் பக்கத்தைப் பார். இந்த ஏற்றங்களெல்லாம் வருவதற்கு முன்னாலிருந்தே இருக்கும் விகிதங்கள் இவை: காஷ்மீர் கம்பளியில் செய்தது என்றால் 4 சதவீதம், சாதாரணக் கம்பளி 16 சதவீதம், செயற்கை இழை 32 சதவீதம். மலிவான ஸ்வெட்டர் வாங்கும் ஏழைத் தாய், பணக்காரரைப் போல எட்டு மடங்கு விகிதத்தில் வரி கட்டுகிறாள். உயர்ந்த சரக்குக்கு உள்ளூரில் போட்டி இல்லை, அதனால் அதன் வரியைக் குறைக்கச் சொன்னபோது எதிர்க்க ஆளில்லை. மலிவுச் சரக்குக்கு உள்ளூர் ஆலைகள் இருந்தன, அந்த வரி அப்படியே நின்றது. வரிசை வரிசையாக இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரியும்.

நாடுகளுக்கு இடையே நடப்பது இன்னும் மோசம். 1930-இல் அமெரிக்காவில் இறக்குமதி வரிகளை உயர்த்தும் ஸ்மூட்-ஹாலி சட்டம் வந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் கையெழுத்திட்டு வேண்டாம் என்றார்கள். ஜனாதிபதி ஹூவர் கேட்கவில்லை. அதில் முட்டைக்கு டஜனுக்கு 8 சென்ட் இருந்த வரியை 10 சென்ட் ஆக்கினார்கள். கனடா தன் பங்குக்கு 3 சென்ட்டை 10 சென்ட் ஆக்கியது. விசேஷம் என்னவென்றால், கனடாவிலிருந்து வந்ததைவிட அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குப் போன முட்டைதான் பல மடங்கு அதிகம். இரண்டு சென்ட் பாதுகாப்பு தேடப்போய் அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் அந்தச் சந்தையையே கிட்டத்தட்ட இழந்தார்கள். அந்தக் காலத்துப் பொருளாதாரப் பெருமந்தத்துக்கு இந்தச் சட்டம்தான் காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் ஏற்கனவே கவிழ்ந்துகொண்டிருந்த வர்த்தகத்தை நாடுகள் ஒன்றையொன்று பழிவாங்கி இன்னும் ஆழத்துக்குத் தள்ளின என்பதில் சந்தேகமில்லை. 1947-இல் 23 நாடுகள் உட்கார்ந்து காட் என்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டதற்கும், 1995-இல் உலக வர்த்தக அமைப்பு வந்ததற்கும் பின்னால் அந்த நினைவு இருந்தது.

அந்தப் பாடம் 2018-இல் மறந்துபோனது. சீனா பதிலடியாக அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதம் போட்டது. சீன வியாபாரிகள் பிரேசிலுக்குத் திரும்பினார்கள். அமெரிக்க விவசாயிகளைக் காப்பாற்ற அந்த அரசு 2000 கோடி டாலருக்கு மேல் நிவாரணம் கொடுக்க வேண்டியிருந்தது. கை மாறிய வியாபாரம் வரி இறங்கினாலும் முழுசாகத் திரும்புவதில்லை. புது விற்பனையாளரிடம் கணக்கு வைத்து, தரம் பார்த்து, கப்பல் ஏற்பாடு செய்து பழகியவர் எதற்காக மறுபடி மாறுவார்?

ஏறிய வரி இறங்குவதும் அரிது. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கு வரி ஏற்றியதற்குப் பதிலடியாக ஜனாதிபதி ஜான்சன் 1963-இல் சிறு டிரக்குகளுக்கு 25 சதவீதம் போட்டார். கோழிச் சண்டை என்றைக்கோ ஓய்ந்துவிட்டது, டிரக் வரி மட்டும் இன்னும் இருக்கிறது. அதைத் தவிர்க்க ஃபோர்ட் நிறுவனம் துருக்கியில் செய்த சரக்கு வேன்களைப் பின் சீட்டோடு பயணிகள் வண்டியாக இறக்கி, துறைமுகம் தாண்டியதும் சீட்டைக் கழற்றியது. வழக்காகி, கடைசியில் 2024-இல் 36 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். நல்ல சீட்டுகளைச் செய்து, கடல் தாண்டிக் கொண்டுவந்து, பிடுங்குவதற்கு ஒரு கூலி. இந்த வீண் உழைப்பெல்லாம் யாருடைய செலவில்?

2025-இல் நடந்ததை நீயே செய்தியில் பார்த்தாய். ஏப்ரலில் அமெரிக்கா சீனச் சரக்குக்கு 145 சதவீதம், சீனா பதிலுக்கு 125. மே மாதம் 30-க்கும் 10-க்கும் இறங்கினார்கள். சரக்குக் கப்பல் கிளம்பியபோது ஒரு வரி, வந்து சேரும்போது வேறு வரி என்றால் எந்த வியாபாரி ஆர்டர் கொடுப்பார், எதை நம்பி ஆலை போடுவார்? அதிக வரியைக்கூடக் கணக்கில் வைத்து வியாபாரம் பண்ணலாம், நிலையில்லாத வரியை வைத்துப் பண்ண முடியாது.

இவ்வளவும் படித்துவிட்டு வரியே கூடாது என்கிறவன் என்று என்னை நினைத்துவிடாதே. அடக்கத்துக்கும் கீழே விலை வைத்துக் கொட்டுகிற சரக்கைத் தடுக்கத்தான் வேண்டும், அதற்கு விசாரணையும் சட்டமும் இருக்கின்றன. வளரும் தொழிலுக்குக் கொஞ்ச காலம் வேலி வேண்டும் என்பதும் சரியே. 1983-இல் ஜப்பானியப் போட்டியில் தத்தளித்த ஹார்லி டேவிட்சனுக்காக ரீகன் அரசு 700 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு 45 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ஐந்து வருஷத்துக்கு மட்டும், வருஷா வருஷம் குறையும்படி. கம்பெனியும் சும்மா இருக்கவில்லை, தரத்தைச் சரிசெய்தது. 1987-இல், கெடு முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே, இனி வேண்டாம் என்று தானே கேட்டது. வரிதான் காப்பாற்றியதா, தரம் காப்பாற்றியதா என்று இன்னமும் விவாதிக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, முடிகிற தேதி முதல் நாளே எழுதப்பட்டிருந்தது. இதே கம்பெனியின் வண்டிகளுக்கு 2018-இல் ஐரோப்பா பதிலடியாக வரியை 6-லிருந்து 31 சதவீதம் ஆக்கியது. ஐரோப்பாவுக்கான உற்பத்தியை வெளிநாட்டுக்கு மாற்றுவதாகக் கம்பெனி அறிவிக்க வேண்டி வந்தது.

உன் மகன் சங்கத்தோடு சேர்ந்து மனு கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். கொடுக்கட்டும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மனுவில் எந்தெந்தக் கோடுகள் இருக்கின்றன என்று ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல். செய்து முடித்த சரக்கோடு சேர்த்து எஃகுக் கம்பிக்கும் தகட்டுக்கும் வரி கேட்கிறார்களா என்று பார்க்கணும். எஃகு செய்கிறவர்களைவிட எஃகை வாங்கி வேலை செய்கிறவர்கள் பல மடங்கு அதிகம், உன் மகனும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான். மூலப்பொருள் விலை ஏறினால் அவனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அந்த ஏற்றத்திலேயே கரைந்துபோகும். எத்தனை வருஷத்துக்குக் கேட்கிறார்கள் என்றும் பார்க்கச் சொல். மனுவின் நகலை எனக்கு அனுப்பினால் உட்கார்ந்து ஒவ்வொரு கோடாகச் சரிபார்த்து எழுதுகிறேன். எனக்கு வேறு என்ன வேலை?

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். முழங்காலை அசட்டை பண்ணாதே, படி ஏறுவதைக் குறை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்