ஞானஸ்நானம் பெயர் சூட்டு விழா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இதழில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானப் படத்தைப் போட்டு (கிறிஸ்தவ சபைக்குள் ஒருவரைத் தண்ணீரால் சேர்க்கும் சடங்கு அது), கீழே 'பெயர் சூட்டு விழா' என்று அச்சிட்டிருந்தீர்கள். அடுத்த வாரமே ஒரு வாசகர் அதைப் பாராட்டி எழுதினார். குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிப்பது பெயர் சூட்டு விழாதானாம். வளர்ந்தபின் முழுக்கு எடுத்தால்தான் ஞானஸ்நானமாம். படத்துக்கு விளக்கம் எழுதியவர் அறியாமல் செய்த பிழையை இவர் அறிந்தே செய்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற கிறிஸ்தவன் என்பதால் இரண்டு பிழையும் என்னை உறுத்தின.

ஆராதனையில் சபையின் போதகரான ஆயர் குழந்தையின் பெயரைச் சொல்வது உண்மைதான். ஐம்பது வயதுக்காரர் வந்து நின்றாலும் அவர் பெயரைச் சொல்லித்தான் கொடுப்பார். அதற்காக அவருக்கு அன்று பெயர் வைத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சடங்கில் கனமான பெயர் வேறு: 'பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே' என்பது. மத்தேயு நற்செய்தியின் கடைசி அதிகாரத்திலிருந்து வரும் அந்தச் சொற்களைத் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யாரும் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் ஒன்றுபோலவே சொல்கிறார்கள்.

இனி முழுக்கு. கிரேக்கத்தில் 'பாப்டிசோ' என்றால் முழுக்குதல், அமிழ்த்துதல். வாசகர் சொல்வதில் இவ்வளவு சரி. ஆனால் மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் கிண்ணங்களையும் செப்புக்குடங்களையும் கழுவுவதற்கும் இதே வேர்ச்சொல்தான் வருகிறது. சொல்லின் வேரை மட்டும் பிடித்துக்கொண்டு தொட்டியின் ஆழத்தை அளக்க முடியாது.

நம் மொழியில் இதைவிட நல்ல வழி இருக்கிறது. எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போய் வந்தவன் தலைமுழுகாமல் வாசற்படி ஏறமாட்டான். ஒருவனோடு உறவு அற்றுப்போனால் 'அவனைத் தலைமுழுகிவிட்டேன்' என்கிறோம். சாவையும் அறுந்த உறவையும் தண்ணீரையும் ஒரே வினைச்சொல்லில் முடிந்து வைத்திருக்கிறது தமிழ். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் அதை எழுதிய அப்போஸ்தலர் பவுலும் அங்கேதான் நிற்கிறார். ஆனால் ஒரு படி கூடவே போகிறார். சாவு வீட்டுக்குப் போய் வந்தவன் முழுகுவது நம் வழக்கம். பவுலின் கணக்கில் முழுகுகிறவனே செத்தவன். 'கிறிஸ்துவுடனேகூட அடக்கம்பண்ணப்பட்டோம்' என்கிறது நம் பழைய மொழிபெயர்ப்பு. கழுவப்பட்டோம் என்றுகூட அந்த இடத்தில் இல்லை. இயேசுவும் தம் மரணத்தைக் குறித்து, 'நான் முழுகவேண்டிய ஒரு ஸ்நானம் உண்டு' என்றுதான் சொல்கிறார் (லூக்கா 12:50). யோர்தான் நதியில் யோவான் ஸ்நானகனிடம் முழுகி எழுந்தவர், இன்னொரு முழுக்கு மீதமிருக்கிறது என்கிறார். அந்த முழுக்கு சிலுவை. நம்முடைய ஞானஸ்நானம் அதற்குள் நம்மைக் கொண்டுபோய் வைப்பது.

இப்படிப் பார்த்தால் தண்ணீரின் அளவைப் பற்றிய சண்டை எனக்குச் சின்னதாகத் தெரிகிறது. பழைய ஏற்பாட்டில் வரும் நாகமானின் சண்டையும் இதுதானே? குஷ்டம் நீங்க யோர்தானில் ஏழுதரம் முழுகு என்று தீர்க்கதரிசி சொன்னதும், தமஸ்குவின் நதிகளாகிய ஆப்னாவும் பர்பாரும் இதைவிட நல்லவை அல்லவா என்று கோபித்துக்கொண்டு புறப்பட்ட சேனாதிபதி அவன். பாலாற்றின் மேலுள்ள விருதம்பட்டுப் பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் அவன் நினைவு வரும். 2021 நவம்பரில் கரை புரண்ட பாலாற்றைப் பார்த்தோம். மற்றபடி ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். மேலே வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் கழிவை அனுப்பிய கதை 1996-இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏறிவிட்டது. ஓடும் நீரில் முழுகினால்தான் செல்லும் என்றால் வேலூர்க்காரன் எங்கே போவான்?

இதே கேள்வி முதல் கிறிஸ்தவர்களுக்கும் வந்திருக்கிறது. 'திதக்கே' என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூலின் 7-ஆம் அதிகாரம் ஓடும் நீரில் கொடு என்கிறது. அது இல்லையா, வேறு நீரில் கொடு. குளிர்ந்த நீர் இல்லையா, வெந்நீரில் கொடு. இரண்டும் போதிய அளவு இல்லையா, தலையில் மூன்று முறை ஊற்று. வறண்ட ஊரில் வாழ்ந்தவர்கள் எழுதியது போலவே இருக்கிறது. இன்னொன்றையும் வாசகருக்குச் சொல்ல வேண்டும்: கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபையார் கைக்குழந்தையை மூன்று முறை முழுக்கியே எடுக்கிறார்கள். குழந்தை என்றால் தெளிப்பு, பெரியவர் என்றால் முழுக்கு என்ற கணக்கு அங்கே செல்லாது.

குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. அதில் எதிர்த்தரப்பின் வாதத்துக்கு வலு உண்டு, மறைக்கமாட்டேன். பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் அப்போஸ்தலர் பேதுரு 'மனந்திரும்பி' என்று சொன்ன பிறகுதான் ஞானஸ்நானத்தைச் சொல்கிறார், கைக்குழந்தை மனந்திரும்பாது. குழந்தைக்குக் கொடுத்தார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லும் வசனம் புதிய ஏற்பாட்டில் இல்லை. ஆனால் பவுலின் பிரசங்கத்தைக் கேட்ட லீதியாள் என்ற பெண்ணும் அவள் வீட்டாரும் பெற்றார்கள். பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் அந்த இரவிலேயே 'அவனும் அவனுடையவர்களனைவரும்' பெற்றான். வீடு முழுவதும் ஒரே நேரத்தில் உள்ளே வருவது நமக்குப் புரியாத காரியமா? எங்கள் மாவட்டத்தில் 1853-இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் சீர்திருத்த மரபைச் சேர்ந்தது. கொலோசெயர் 2-ஆம் அதிகாரத்தில் பவுல், யூதர்கள் கைக்குழந்தைக்கே செய்யும் விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் அருகருகே வைப்பதைக் காட்டி அவர்கள் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். வடஇந்தியத் திருச்சபை 1970-இல் உருவானபோது, விசுவாசத்தை அறிக்கை செய்தவர்களுக்கே முழுக்குக் கொடுக்கும் பாப்டிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். இரண்டு முறைகளுக்கும் அங்கே இடம் உண்டு. ஒரே கூரையின்கீழ் இருக்க முடிந்திருக்கிறது.

எனக்குப் பொறுக்காதது மறுஞானஸ்நானம். என் தங்கைக்கு நாற்பத்தைந்து வயதில் ஒரு சபையில் சொன்னார்கள், சின்ன வயதில் பெற்றது செல்லாது என்று. மொட்டை மாடியில் கட்டிய சிமெண்டுத் தொட்டியில் முழுக்கு எடுத்துவிட்டு ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளைத் திட்டவில்லை. "உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு சபைக்கு முன்னால் நான் கொடுத்த வாக்கு பொய்யா?" என்று மட்டும் கேட்டார். தங்கையிடம் பதில் இல்லை. அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தை அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள். எபேசுவில் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்ற சில சீஷர்கள் மறுபடியும் பெறும் இடம் அது. ஆனால் அவர்கள் முன்பு பெற்றிருந்தது யோவானின் ஞானஸ்நானம்; இயேசுவின் நாமத்தில் பெற்றதைப் பவுல் திருப்பிக் கொடுக்கவில்லை. சபையாகச் சேர்ந்து சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் 'ஒரே ஞானஸ்நானம்' என்று அறிக்கை செய்கிறோம். அது அடக்கம் என்றால் ஒருவரை எத்தனை முறை அடக்கம் செய்வீர்கள்?

அடக்கம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இது எங்கள் பழைய சபைகளுக்கு. கலாத்தியர் 3-இல், கிறிஸ்துவுக்குள்ளாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டார்கள் என்று எழுதிய பவுல், அடுத்த வரியிலேயே யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்கிறார். அந்த வசனத்தை வாசித்துத் தண்ணீர் ஊற்றுகிறோம். அதே தமிழ்நாட்டில் சாதி பார்த்துச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களும் உண்டு. தெளிப்பா முழுக்கா என்று துண்டுப் பிரசுரம் போடுகிறவர்களில் அந்தச் சுவரைப் பற்றிப் பிரசுரம் போட்டவரை நான் கண்டதில்லை. ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதா என்று கேட்க வேண்டிய இடம் தொட்டியின் ஓரம் அல்ல, அந்தச் சுவரின் ஓரம்.

தங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை இப்படியொரு படம் வந்தால் 'ஞானஸ்நானம்' என்று போடுங்கள். 'திருமுழுக்கு' என்றாலும் சரி, கத்தோலிக்க நண்பர்களுக்கு அதுவே பழக்கம். பெயர் சூட்டும் வேலையை மட்டும் ஆயரிடம் கொடுக்க வேண்டாம். அந்தக் குழந்தையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
காட்பாடி.