கட்டணப் பதிவு மென்பொருள் – அவசரம்

அனைவருக்கும் வணக்கம்.

பராமரிப்புக் கட்டண மென்பொருள் மறுபடியும் மக்கர். 'சேமிக்கப்பட்டது' என்று காட்டுகிறது. மறுநாள் பார்த்தால் பதிவையே காணோம். விற்ற நிறுவனத்திடம் புகார் கொடுத்தால் டிக்கெட் எண் (புகார் எண்) வருகிறது, ஆள் வருவதில்லை. கடைசியாக வந்த பதில்: "ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்." (அதைச் செய்யாமலா புகார் கொடுத்தோம்?)

1. சனி இரவு 9 மணிக்குள் இந்த ஆண்டு ரசீதுகளைப் படமெடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போடாதீர்கள்.
2. அதுவரை புதிய பதிவு எதுவும் ஏற்ற வேண்டாம். பேக்கப் (தரவின் நகல்) எடுத்து, வேறு கணினியில் அது சரியாகத் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திறக்காத பேக்கப் இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.
3. ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூட்டம். தரவை சிஎஸ்வி கோப்பாக (பல மென்பொருள்களில் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கி வேறு மென்பொருளுக்கு மாறுவது பற்றி. இப்போதைய மென்பொருளின் புதுப்பிப்புக் கட்டணம் அதுவரை நிறுத்திவைப்பு.

வருவோர் இன்றே பதில் போடுங்கள்.

– செயலாளர்