சேதாரம் எவ்வளவு, கண்ணு?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன வாரம் போனில், "பத்து மைக்ரான் தாண்டல, செத்துருச்சுப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். பக்கத்தில் இருந்த அம்மா, யாரோ போய்விட்டார்கள் என்று பதறிப்போனாள். உன் ஆராய்ச்சியில் தங்கச் சந்துக்குள் விட்ட வெளிச்சம்தான் செத்தது, மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று சொல்லி நம்பவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

நீ அனுப்பிய குறிப்பை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். கண்ணாடி இழையில் ஒளியை அதன் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதிக்குக் கீழே ஒடுக்க முடியாது. மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர். 1550 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி 50 நானோமீட்டர் சந்தில் எப்படி நுழையும்? ஆனால் சந்தின் இரண்டு சுவரும் தங்கமானால் நுழைந்துவிடுகிறது. தங்கத்தில் சும்மா திரியும் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆடி, மேற்பரப்பை ஒட்டியே அதைக் கூட்டிக்கொண்டு போகின்றன. அதைத்தான் பிளாஸ்மான் என்கிறாய். எலக்ட்ரான்கள் இதைச் சும்மா செய்யுமா? போகிற வழியிலேயே ஒளியைத் தின்று சூடாக்கிவிடுகின்றன.

எங்கள் நகைப் பட்டறையில் இதற்குப் பெயர் சேதாரம். வேலை நுணுக்கமாக ஆக ஆகச் சேதாரம் கூடும். உன் சந்தும் குறுகக் குறுக அப்படித்தான். நல்ல கண்ணாடி இழையில் ஒளி பாதியாகக் குறைய 15 கிலோமீட்டர் ஓட வேண்டும். உன்னுடையது ஒரு தலைமுடியின் அகலத்தைக்கூடத் தாண்டாது. அதற்காக ராத்திரி சாப்பிடாமல் படுப்பாயா?

எனக்கு ஒன்றுதான் உறுத்துகிறது. தங்கம் கண்ணாடியில் ஒட்டாது, அதனால் அடியில் குரோமியம் பூசுகிறோம் என்றாய். பற்றவைக்கப் பொடி வைத்தால் நகையின் மாற்று இறங்கும், தெரியும்தானே? குரோமியமும் ஒளியை நன்றாகவே தின்கிறதாம். சில நானோமீட்டர்தானே என்று விடாதே. அப்புறம், ஆவியாக்கிப் படியவைத்த தங்கம் பரல் பரலாக இருக்கும். ஒற்றைப் படிகமாக வளர்த்த தகட்டில் சேதாரம் குறைவு. வெள்ளியில் இன்னும் குறைவு, ஆனால் கறுத்துவிடும். கொலுசைப் புளி போட்டுத் தேய்த்தவளுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சூரிக்கில் 2015-ல் 10 மைக்ரான் நீளத்திலேயே ஒரு மாடுலேட்டர், அதாவது மின் சமிக்ஞையை ஒளியில் ஏற்றும் கருவி, செய்துவிட்டார்களே. சிலிக்கானில் அதே வகைக் கருவிக்குப் பொதுவாக மில்லிமீட்டர் கணக்கில் இடம் வேண்டும். ஆகவே உன் தங்க வழியைச் சங்கிலி மாதிரி நீட்டாதே, திருகாணி அளவுக்கு வை. மிச்சத் தூரத்தைச் சிலிக்கான் பார்த்துக்கொள்ளும். உன் பேராசிரியர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் பேச்சைக் கேள்.

சின்ன வயதில், சாமி படத்துக்கு வாங்கிய தங்க ரேக்கை ஜன்னலில் பிடித்துப் பார்த்து, "அப்பா, தங்கம் பச்சையா இருக்கு" என்றாய், நினைவிருக்கிறதா? நான் எடுத்துப் பார்த்தேன். வெயில் பச்சையாகத்தான் ஊடுருவி வந்தது. கலப்படம் என்று விற்றவரிடம் சண்டைக்கே போனேன். பாவம், அவர் மேல் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. அந்தப் பச்சை எப்படி வந்தது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அப்பா