கணினி வாங்குவோருக்கு: ஒப்பீட்டு அட்டவணையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலுள்ள பழைய கணினியை மாற்ற நினைப்பவர்களுக்காகத் தங்கள் நாளிதழில் வந்த வழிகாட்டிக் கட்டுரையையும் அதனுடன் இருந்த ஒப்பீட்டு அட்டவணையையும் பார்த்தோம். நிறுவனத்தின் பெயர், பிராசஸர் (கணினியின் மூளையான சில்லு) ‘ஐ5’ அல்லது ‘ரைசன் 5’, ரேம் (தற்காலிக நினைவகம்) 8 ஜி.பி., எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம்) 512 ஜி.பி., திரையின் அளவு என்று ஐந்தே கட்டங்கள். வாங்கிய இரண்டாம் மூன்றாம் ஆண்டில் தலையில் கை வைக்க வைக்கிற சங்கதிகளில் ஒன்றுகூட அந்த ஐந்தில் இல்லை. கணினிப் பழுதுபார்ப்பைத் தொழிலாகச் செய்பவர்கள் நாங்கள். விடுபட்டதைச் சொல்ல இடம் தருவீர்கள் என்று நம்புகிறோம்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்வியையே கட்டுரை எழுப்பவில்லை. ‘ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது’ என்று ஒதுக்கப்படும் பழைய கணினிகளில் பெரும்பாலானவற்றில் இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் சுற்றிக்கொண்டிருக்கும். எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை விண்டோஸில் திறந்து பாருங்கள். சி.பி.யு. (பிராசஸர்) 15 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி அதுதான். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை ஹார்ட் டிஸ்க்கால் நொடிக்கு நூறு முறை எடுக்க முடிந்தாலே அதிகம். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்கின் அதே வகை இணைப்பில் மாட்டுவது) பல்லாயிரம் முறை எடுக்கும். 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றையும் யு.எஸ்.பி. இணைப்புக் கேபிள் ஒன்றையும் வாங்கி, பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே நகலெடுத்து (குளோன் செய்து) மாட்டினால் அரை நாள் வேலை. பிரவுசரைத் திறந்ததுமே ரேம் 85 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் கூட்ட வேண்டும். மின்சாரத்தை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்குப் போனால் மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) உள்ள சி.ஆர். 2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஓடி, சூடேறி, தானாக அணைந்தால் ஃபேனில் சேர்ந்த தூசும், பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனதும்தான் காரணம். இதற்கெல்லாம் புதுக் கணினி தேவையில்லை.

நியாயமான காரணம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் அமைப்பு) வேண்டும், பிராசஸர் பெரும்பாலும் இன்டெலில் 8-ஆம் தலைமுறை, ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசை, அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் ‘பி.சி. ஹெல்த் செக்’ தகுதியில்லை என்று சொன்னாலும் உடனே கைவிட வேண்டாம். டி.பி.எம். இருந்தும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பு) அணைந்து கிடக்கும் கணினிகள் ஏராளம். இன்டெலில் ‘பி.டி.டி.’, ஏ.எம்.டி.யில் ‘எஃப்.டி.பி.எம்.’ என்று இருக்கும். இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். பிராசஸரே பழையது என்றால், பிரவுசரும் தட்டச்சும் மட்டுமே தேவைப்படுகிற வீட்டில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம்.

சரி, வாங்கியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘இடத்தை அடைக்காது, எனவே லேப்டாப்பே மேல்’ என்று கட்டுரை முடித்துவிட்டது. இதை நாங்கள் ஏற்கவில்லை. கணினி மேசையை விட்டு நகருமா, நகராதா? முடிவு செய்ய வேண்டியது அதுதான். வருடம் முழுக்க ஒரே இடத்தில், சார்ஜரைச் செருகியபடியே ஓடப்போகும் லேப்டாப் என்பது பேட்டரிக்கும் கீலுக்கும் வீணாகக் கொடுக்கும் காசு.

ஒரே பெயர் இருப்பதால் ஒரே வேகம் என்பதும் இல்லை. மெல்லிய லேப்டாப்பின் ‘யு’ ரக பிராசஸருக்கு அடிப்படை மின்அளவு 15 வாட். டெஸ்க்டாப்பில் அதே ‘ஐ5’-க்கு 65 வாட் சாதாரணம். பிரவுசர் திறப்பதில் வித்தியாசம் தெரியாது. பத்து நிமிடம் வீடியோ எக்ஸ்போர்ட் செய்தால் லேப்டாப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பேட்டரியின் கதை வேறு. லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: எப்போதும் 100 சதவீதத்தில் இருப்பது, சூட்டில் இருப்பது. மேசையில் செருகியே கிடக்கும் லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. டச்பேட் ஒரு பக்கம் லேசாகத் தூக்கி நிற்கும், கிளிக் விழாது. அல்லது மேசையில் வைத்தால் அடித்தட்டு ஆடும். டச்பேட் கெட்டுவிட்டது என்று கொண்டு வருவார்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்கும். அந்த நிலையில் சார்ஜ் போடக் கூடாது, அழுத்தி மூடவும் கூடாது. லேப்டாப்பைச் செருகியே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், நிறுவனத்தின் மென்பொருளிலோ பயாஸிலோ சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு பல மாடல்களில் உண்டு. வாங்கிய அன்றே அதை இயக்கிவிடுங்கள்.

கீல் இன்னொன்று. உலோகக் கீலின் திருகுகள், பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை வளையங்களைத்தான் பிடித்திருக்கின்றன. திரையின் ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து திறந்து மூடினால் அழுத்தமெல்லாம் ஒரே கீலுக்குப் போய், வளையம் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வரும். திறக்கும்போது திரையின் மேல் விளிம்பை நடுவில் பிடியுங்கள். கீபோர்டு பல மெல்லிய மாடல்களில் மேல்தட்டோடு பிளாஸ்டிக் முளைகளை உருக்கி ஒட்டப்பட்டது. ஒரு எழுத்து செத்தால் மேல்தட்டையே மாற்றச் சொல்வார்கள். டெஸ்க்டாப்பில் கீபோர்டு செத்தால் வேறொன்றைச் செருகிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

டெஸ்க்டாப்பிலும் ஏமாற இடமுண்டு. பெரிய நிறுவனங்களின் சிறிய பெட்டிகளில் பவர் சப்ளை அவர்களுக்கே உரிய அளவிலும் இணைப்பிலும் இருக்கும். கெட்டால் வெளியில் கிடைக்கும் பொது அளவு (ஏ.டி.எக்ஸ்.) சப்ளை பொருந்தாது. மூடியைத் திறந்து, மதர்போர்டுக்கு வழக்கமான 24 முனை இணைப்பு போகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். யு.பி.எஸ். கட்டாயம். 600 வி.ஏ. என்றால் ஏறத்தாழ 360 வாட்தான். கோப்பைச் சேமித்து முறையாக அணைக்க அது போதும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருகாதீர்கள், அதன் சூடேற்றி ஒரே இழுப்பில் யு.பி.எஸ்.ஸைப் படுக்க வைத்துவிடும்.

திரைக்குள்ளேயே எல்லாம் இருக்கும் ஆல்-இன்-ஒன் பார்க்க அழகு. ஆனால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் லேப்டாப் பாகங்கள், தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. திரை போனால் எல்லாம் போச்சு. இடம்தான் பிரச்சினை என்றால் மினி பி.சி. நல்லது, ரேம் கழற்றி மாட்டும் வகையா என்று மட்டும் கேளுங்கள்.

கல்லூரிக்கும் வீட்டுக்கும் அலைகிற மாணவருக்கும், மேசை போடவே இடமில்லாத வீட்டுக்கும் லேப்டாப்தான் சரி. அப்போதும் தனி கீபோர்டு, மவுஸ், ஒரு ஸ்டாண்டு சேர்த்து வாங்கி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி வைத்தால் கழுத்து தப்பிக்கும்.

இனி அந்த அட்டவணைக்கே வருகிறோம். ‘ரைசன் 5’ என்று போட்டால் எந்த ரைசன் 5? 7520யு என்ற எண்ணைப் பார்த்தால் 7000 வரிசை, புதுசு என்று தோன்றும். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 2 என்றால் 2019-இல் வந்த ஜென் 2, நான்கு கோர்கள் (கணக்கிடும் அலகுகள்). ஓர் இலக்கம் மட்டும் மாறிய 7530யு ஜென் 3, ஆறு கோர்கள். கடையில் இரண்டுமே ‘ரைசன் 5’தான். தவிர, 7520யு ஏற்கும் ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்படும் (பற்றவைக்கப்படும்), கழற்ற முடியாத ரகம். 8 ஜி.பி. மாடலை வாங்கினால் ஆயுசுக்கும் 8 ஜி.பி.தான்.

ரேம் விஷயத்தில் அளவைவிட முக்கியமான கேள்வி, கூட்ட முடியுமா என்பது. ஸ்லாட் இருந்தால் இன்று 8 ஜி.பி.யுடன் தொடங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். சால்டர் செய்ததென்றால் 16-க்குக் குறைந்து வாங்காதீர்கள். டெஸ்க்டாப்பில் 16 ஜி.பி. ஒற்றைக் குச்சியைவிட 8 + 8 மேல். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி படம் காட்டவும் ரேமைத்தான் கடன் வாங்குகிறது. இரண்டு குச்சி என்றால் இரண்டு வழியில் வாங்கும். டி.டி.ஆர். 4 ரக ரேமுக்கான ஸ்லாட்டில் டி.டி.ஆர். 5 ரக ரேம் பொருந்தாது, வெட்டு இருக்கும் இடமே வேறு.

சேமிப்பகம் ‘64 ஜி.பி. இ.எம்.எம்.சி.’ (எஸ்.எஸ்.டி.யைவிட மெதுவான மலிவு ரகம்) என்று எழுதியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். விண்டோஸ் பெரிய அப்டேட்டுக்கு இடம் கேட்டு நின்றுவிடும். திரை ‘ஃபுல் எச்.டி.’ என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே. பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். பேனலா, பிரகாசம் 300 நிட்ஸாவது (வெளிச்சத்தின் அளவு) இருக்கிறதா, நிறம் ‘45 சதவீத என்.டி.எஸ்.சி.’ (காட்டக்கூடிய நிறங்களின் அளவு) என்ற மங்கல் ரகமா என்பவைதான் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசங்கள். யு.எஸ்.பி. சி துளையில் சார்ஜ் ஏறுமா, மானிட்டர் ஓடுமா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும்.

அலுவலகங்கள் கழித்த ரீஃபர்பிஷ்டு கணினி வாங்குவோர், விற்பவர் முன்னிலையிலேயே ரீசெட் செய்து இணையத்தில் இணைத்துப் பாருங்கள். அமைப்புத் திரையில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் வந்து லாகின் கேட்டால் அது இன்னும் அவர்கள் பிடியில் இருக்கிறது. பயாஸில் பாஸ்வேர்டு இருந்தாலும் வேண்டாம்.

கட்டுரை தொடாமலே விட்ட, எங்களிடம் கண்ணீரோடு வருகிற விஷயம் ஒன்று. புது விண்டோஸ் 11 கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் சாவியின்றிப் படிக்க முடியாதபடி தானாகவே பூட்டப்பட்டுவிடலாம், யாரும் கேட்பதில்லை. பிறகு மதர்போர்டு போனால், டிஸ்க் நன்றாக இருந்தும் வேறு கணினியில் படிக்க முடியாது, 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். அது அந்தக் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மறந்திருப்பார்கள். வாங்கிய வாரமே அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். புகைப்படங்களை மாற்றியதும் பழைய கணினியை உடனே கொடுத்துவிடாமல் ஒரு மாதம் வைத்திருங்கள். கொடுக்கும்போது ‘குயிக் ஃபார்மட்’ மட்டும் செய்தால் கோப்புகள் முழுதாக அழிந்துவிட்டன என்று நம்ப முடியாது. ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் மேலெழுத வேண்டும், எஸ்.எஸ்.டி.க்கு ‘செக்யூர் இரேஸ்’ என்ற முழு அழிப்புக் கட்டளை.

அடுத்த முறை அட்டவணை வெளியிடும்போது பிராசஸரின் முழு எண், ரேம் ஸ்லாட்டா சால்டரா, எம்.2 ஸ்லாட்டுகள் (குச்சி வடிவ எஸ்.எஸ்.டி. மாட்டும் இடங்கள்) எத்தனை, பேனல் ரகம், பேட்டரி எத்தனை வாட்-ஹவர் என்ற கட்டங்களைச் சேர்க்க வேண்டுகிறோம். இடம் போதவில்லை என்றால் நிறுவனத்தின் பெயருக்கான கட்டத்தை எடுத்துவிடலாம். நல்ல மாடல், மோசமான மாடல் இரண்டையும் ஒரே நிறுவனம்தான் விற்கிறது.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்போர் சிலர்