வண்டி நின்ற நேரம்

சந்தூர்,
22-7-2025

அன்புள்ள தேனு,

நலம்தானே? மாமாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே அம்மா, பிள்ளைகள் எல்லாரும் சுகம். என் வீட்டுக்காரர் இன்னும் தோப்பிலேயேதான் கிடக்கிறார். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

தை மாதம் சரக்குப் போக்குவரத்து பற்றிய உலக வங்கி அறிக்கை ஒன்றை அனுப்பி, "படித்துவிட்டுச் சொல்லடி" என்றாய். ஆறு மாதம் ஆகிவிட்டது. நான் வாயே திறக்கவில்லை. உனக்குக் கோபம் இருக்கும், நியாயம்தான். பங்குனியிலேயே படித்துவிட்டேன், ஆனால் அது உன்னைப் போன்ற துறைமுகத்துக்காரர்கள் சமாச்சாரம், சந்தூர் மாந்தோப்புக்கு இதில் என்ன இருக்கிறது என்று மூடி வைத்துவிட்டேன். ஜூன் மாதம் மாங்கூழ் ஆலை வாசலில் நின்ற ஒரு ராத்திரிக்குப் பிறகுதான் திரும்ப எடுத்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் போட்டால் பாதியில் "கப்பல் வந்துடுச்சு" என்று வைத்துவிடுவாய். குரல் பதிவு அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டுக் கேட்பாய். காகிதம் என்றால் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

எங்கள் உழவர் கம்பெனிக்கு நான் கணக்கு எழுதுவது உனக்குத் தெரியும். இந்த வருஷம் முதல் முறையாக மண்டியை விட்டுவிட்டு, பெங்களூரா மாங்காயை நேரே மாங்கூழ் ஆலைக்கு ஏற்றலாம் என்று துணிந்தோம். விலை விழுந்து கிடந்த வருஷம். கிலோ 5 ரூபாய்க்குத்தான் கேட்டார்கள். கமிஷனாவது மிஞ்சட்டுமே என்று ஒரு எண்ணம். முதல் லோடு மாது அண்ணன் வண்டியில். எடைச் சீட்டில் கையெழுத்துப் போடக் கம்பெனி ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள், நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

இங்கே எடை போட்டபோது 5 டன் 200 கிலோ. சாயங்காலம் 4 மணி 10 நிமிடத்துக்குக் கிளம்பினோம். ஆலை 22 கிலோமீட்டர் தள்ளி. சரியாக 5 மணிக்கு வாசலில் நிற்கிறோம். முன்னால் எத்தனை வண்டி! டிராக்டர், டாடா ஏஸ், ஐச்சர், லாரி என்று ஊர்க்கோடி வரை வரிசை. ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தோம், விடியற்காலை பார்த்தால் வண்டி பாதி வரிசைகூட நகர்ந்திருக்கவில்லை. தார்ப்பாயைத் தூக்கிக் கையை உள்ளே விட்டேன். அடுப்புப் பக்கத்தில் கை வைத்தது போலச் சூடு. மறுநாள் சாயங்காலம் 7 மணிக்குத்தான் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அப்போது எடை 5 டன் 30. நூற்று எழுபது கிலோ காற்றோடு போய்விட்டது. அடியில் இருந்த காய் நசுங்கிவிட்டது என்று இருப்பதிலும் நூற்றுக்கு 8 கழிவு பிடித்தார்கள். வண்டிக்காரருக்கு நிறுத்தக்கூலி 1,500. எல்லாவற்றையும் கூட்டினால் 26,000 ரூபாய் லோடில் ஆறில் ஒரு பங்கு, அந்த வாசலில் நின்ற நிற்பிலேயே கரைந்துபோனது. தேனு, வண்டி ஓடியது 50 நிமிடம். நின்றது 26 மணி நேரம்.

அந்த ராத்திரி எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கையில் இருந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் மணி எழுத ஆரம்பித்தேன். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது உள்ளே போனது, எப்போது காலியாக வெளியே வந்தது. வேறு வேலை என்ன இருந்தது? விடிந்த பிறகு வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போய்ப் பார்த்தேன். நான் நினைத்தது ஒன்று, அங்கே இருந்தது வேறு. ஆலையில் எந்திரம் போதவில்லை, அதனால்தான் வரிசை என்று நினைத்திருந்தேன். எந்திரத்துக்கும் வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. காயை இறக்கி, பழுக்க வைத்து, மூன்று நான்கு நாள் கழித்துத்தான் கூழ் ஆக்குகிறார்கள். வரிசையைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு எடைமேடை. பாரத்தோடு வருகிற வண்டியும் அதில்தான் ஏற வேண்டும், காலியாகத் திரும்புகிற வண்டியும் அதில்தான் ஏற வேண்டும். எடை போட 4 நிமிடம்தான், ஆனால் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிட்டால் பின்னால் எடு, முன்னால் எடு என்று கால்மணி நேரம் போகிறது. இரண்டாவது, இறக்குகிற ஆட்கள். இரண்டே கோஷ்டி. கொட்டி ஏற்றிய காயைக் கூடை கூடையாக அள்ளி இறக்க ஒரு வண்டிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு கோஷ்டியும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போனால் ஆலை வாசலே தூங்குகிறது.

இன்னொன்றையும் அங்கே நின்றுதான் கண்டேன். காய் வெளியே வெந்தால் ஆலைக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. வாடிய எடையும் கழிவும் எங்கள் தலையில், வாடகை எங்கள் தலையில், தூக்கம் டிரைவர் தலையில். உன் உலகத்தில் கன்டெய்னர் நின்றால் டெமரேஜ் என்று தாமதக் கட்டணம் ஒன்று விழுகிறதே, அதற்குப் பயந்தாவது ஓடுகிறீர்களே. இங்கே நிற்கிற நேரத்துக்கு யாரும் விலை வைக்கவில்லை. அப்புறம் அது எப்படிக் குறையும்?

உங்கப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். ஓசூர் பக்கம் ஜூஜூவாடி செக்போஸ்டில் ஒரு ராத்திரி முழுக்க நின்றுவிட்டு, நம் விடுதி வாசலில் லாரியை நிறுத்தி நமக்குக் கொய்யா கொடுத்துவிட்டுப் போவாரே. "ஓடுற லாரிக்கு டீசல் போடலாம், நிக்கிற லாரிக்கு யாரும்மா சோறு போடுவா?" என்பார். நாம் சிரித்துவிட்டுக் கொய்யாவைக் கடித்தோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அந்த வரிச் சாவடி வரிசை போனதைப் பார்க்க அவர் இல்லை. 2021-இல் பாஸ்டேக் கட்டாயமானதும் டோலிலும் சில்லறை எண்ணுகிற தாமதம் போயிற்று. நம் ஊரில் சாலைக்குக் குறை சொல்ல முடியாது. கிருஷ்ணகிரியில் நின்றால் பெங்களூர், சென்னை, சேலம், திண்டிவனம் என்று நாலு திசைக்கும் தேசிய நெடுஞ்சாலை. (ரயிலைப் பற்றிக் கேட்காதே. திருப்பத்தூரிலிருந்து வந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தை உலகப் போர்க் காலத்தில் பிடுங்கியதோடு சரி. ரயில் வந்தால்தான் உனக்குக் கல்யாணம் என்று கணக்கு டீச்சர் அப்போது கிண்டல் செய்வாரே!) வழியில் இருந்த வரிசை குறைந்துவிட்டது. இப்போது அது வாசலில் நிற்கிறது, ஆலை வாசலில், மண்டி வாசலில்.

சரி, உன் அறிக்கைக்கு வருகிறேன். சரக்குப் போக்குவரத்துத் தரவரிசையில் 2014-இல் 54-ஆம் இடத்தில் இருந்த இந்தியா 2018-இல் 44, 2023-இல் 139 நாடுகளில் 38 என்று ஏறியதை நீ மஞ்சள் கோடு போட்டு அனுப்பியிருந்தாய். எனக்கு அதைவிட அடுத்த பக்கம்தான் பிடித்தது. பெரிய தாமதமெல்லாம் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சரக்கு ஒரு வாகனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடத்திலும்தான் என்று அதில் இருக்கிறது. எங்கள் ஆலை வாசலும் அப்படிப்பட்ட இடம்தானே? அப்புறம் அந்த விசாகப்பட்டினம் கணக்கு. 2015-இல் சரக்கு அங்கே 32.4 நாள் நின்றதாம், 2019-இல் 5.3 நாள். பெட்டிக்குப் பெட்டி ரேடியோ அலையில் படிக்கிற ஒரு சின்ன ஆர்எஃப்ஐடி சீட்டு, பெட்டி எங்கே நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது என்று எல்லாரும் பார்க்கலாம். 2022-இல் கன்டெய்னர் சராசரியாக இங்கே 3 நாள் நின்றபோது அமெரிக்காவில் 7, ஜெர்மனியில் 10 என்று படித்ததும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பங்குனியில் படித்தபோது வெறும் எண்ணாக இருந்தது. என் பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தபோது யாரோ என் வேலையைத்தான் பெரிதாகச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

நம் நாட்டில் சரக்குச் செலவு மொத்த உற்பத்தியில் 13, 14 சதவீதம் என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! என்சிஏஇஆர் என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது 2021-22-க்கு 7.8-லிருந்து 8.9 சதவீதத்துக்குள் வந்தது. கொள்கை, திட்டம் எல்லாம் வேண்டியதுதான். ஆனால் முதலில் ஒருவர் உட்கார்ந்து எண்ண வேண்டும். எங்கள் வாசலில் நிற்கிற நேரத்தை இந்த ஜூன் வரை யாரும் எண்ணவில்லை.

இதே மாவட்டத்தில் என் கொழுந்தனார் வண்டி ஓசூரில் வாகன உதிரிபாகம் ஓட்டுகிறது. காலை 9.20-க்கு உள்ளே இருக்க வேண்டும் என்றால் 9.20-தான். பத்து நிமிடம் தாமதமானால் போன் வரும், ஏனென்றால் இவர் கொண்டு போகிற பெட்டி வராவிட்டால் அங்கே லைன் நின்றுவிடும். கெடாத இரும்புக்கு நிமிடக் கணக்கு, கெடுகிற காய்க்கு 26 மணி நேரம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு ஆலை மேலாளரிடம் போனேன். முதலில் "சீசன்ல இப்படித்தாம்மா" என்றார். எடைமேடைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். மத்தியானம் 1 மணியிலிருந்து 2.30 வரை ஒரு வண்டிகூட இறங்கவில்லை என்று வண்டி எண்ணோடு இருந்தது. அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு டீ சொன்னார். முடிவில் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான்: முந்தின நாள் சாயங்காலம் போனில் எங்களுக்கு நேரம் சொல்வார், நாங்கள் காயைக் கொட்டி ஏற்றாமல் கிரேட்டில், அதாவது பிளாஸ்டிக் பெட்டியில், கொண்டுவர வேண்டும், இறக்கும் ஆட்கள் மாற்றி மாற்றிச் சாப்பிடப் போவார்கள். கிரேட்டுக்கு எங்கே போவது? ராயக்கோட்டை தக்காளி வியாபாரிகளிடம் வாடகைக்கு எடுத்தோம். அவர்கள் தினமும் அதில்தான் கோயம்பேட்டுக்கு ஏற்றுகிறார்கள். கிரேட்டில் போனால் இறக்க 35 நிமிடம் போதும்.

முதல் வாரம் ஒன்றும் சரிப்படவில்லை. மத்தியானம் 2 மணி என்று நேரம் கொடுத்தால் காலை 6 மணிக்கே போய் நின்றார்கள், எவனாவது முந்திவிடுவான் என்ற பயம். பழகிய பயம், ஒரு நாளில் போகாது. முனியம்மா அத்தைதான் முதலில் நம்பி, சொன்ன நேரத்துக்குச் சரியாக அனுப்பினார். ஒன்றரை மணி நேரத்தில் வண்டி காலியாகித் திரும்பிவிட்டது. அதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் வந்தார்கள். 2 மணிக்கு நேரம் என்றால் காலையில் பறித்தால் போதும், காய் ஒரு ராத்திரி கூடுதலாக மரத்திலேயே இருக்கும். கடைசி 11 லோடு வாசலில் நின்றது சராசரி ஐந்தரை மணி நேரம். எடைமேடை பழுதான நாளில் 14 மணி நேரம் நின்றோம், அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

தேனு, இதை எழுதாமல் முடிக்க மனமில்லை. அந்த முதல் லோடு இறக்கிய ராத்திரி மாது அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு நாள் வருமானம் போய்விட்டதே என்று சேலத்துக்கு ஒரு லோடு பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தொப்பூர் இறக்கத்தில் கண் சொருகிவிட்டது. பக்கத் தடுப்பில் மோதி வண்டி நின்றதால் உயிர் தப்பியது. இரண்டு விலா எலும்பு முறிவு. இப்போது தேறிவிட்டார். ஆனால் நான் போய்ப் பார்த்தபோது "நீங்க எழுதுன நோட்டுல என் தூக்கத்தையும் எழுதுங்கம்மா" என்றார். அன்றிலிருந்து டிரைவர் கடைசியாகத் தூங்கி எழுந்தது எப்போது என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவருக்கு எங்கள் கம்பெனி லோடு கிடையாது. வண்டிக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

இப்போது என் கவலை அடுத்த வருஷம். ஒரு ஆலைதான் எங்கள் பேச்சைக் கேட்டது, மற்ற இரண்டு ஆலைகளில் உள்ளேயே விடவில்லை. இந்த மேலாளர் மாறினால் வாய்வார்த்தையும் போய்விடும். எழுத்தில் வேண்டும்: சொன்ன நேரத்துக்கு வந்த வண்டி ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றால் மணிக்கு இவ்வளவு என்று ஆலை கொடுக்க வேண்டும். உங்கள் டெமரேஜ் ஒப்பந்தங்களில் அந்த வாசகம் எப்படி இருக்கும்? எத்தனை நாள் இலவசம், எதிலிருந்து எண்ணுகிறார்கள், மழை, மின்வெட்டு வந்தால் யார் பொறுப்பு? ஒரு மாதிரிப் படிவம் தமிழில் எழுதி அனுப்பு. கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும், அதனால் உன் ஆபீஸ் மொழி வேண்டாம். ஆவணிக்குள் கிடைத்தால் பொதுக்குழுவில் வைத்துவிடுவேன்.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிறோம், நீயும் பிள்ளைகளும் வாருங்கள். சாந்தியும் வருகிறாள், அந்தப் பச்சைத் தாவணி விஷயத்தை மட்டும் எடுக்காதே.

மாங்காய் வற்றலும் ஊறுகாயும் இன்று காலை 8.40-க்கு கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பார்சல் போட்டிருக்கிறேன். உன் கைக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று எழுது. இடையில் எங்கே கிடந்தது என்று தெரிந்தால் அதையும்.

அன்புடன்,
மல்லிகா