முன்பள்ளி முற்றத்தில் நடுகிற மரம் என்ன மருந்து குடித்தது?

வன்னியின் பிரதேச சபைகளுக்கும், முன்பள்ளி நிர்வாகக் குழுக்களுக்கும், எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டு முற்றம் கட்டித் தருகிற புலம்பெயர் ஊர்ச் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

நான் கிளிநொச்சிப் பக்கம் தச்சு வேலை செய்கிறவன். கதவு, யன்னல், அலுமாரி என்று போகிற வேலைகளுக்கு நடுவே, சில வருடங்களாக முன்பள்ளிகளுக்கும் சிறுவர் பூங்காக்களுக்கும் ஊஞ்சல், வாங்கு, ஏறி விளையாடும் சட்டம், மணல் தொட்டி எல்லாம் செய்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள். வெறும் தரையில் பாய் விரித்துப் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று ஊஞ்சலில் ஆடுவதைப் பார்க்க மனம் நிறைகிறது. அந்த வேலைக்குக் காசு அனுப்புகிறவர்களையும், வெயிலில் நின்று கிடங்கு வெட்டித் தருகிற பெற்றோரையும் கும்பிட வேண்டும். ஆனால் அந்த முற்றங்களுக்கு வந்து சேருகிற மரத்தைப் பார்க்கிறபோது எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

கறையான் தின்னாத மரம் வேண்டும் என்பதுதான் எல்லோரும் என்னிடம் முதலில் சொல்வது. எங்கள் மண்ணில் அது நியாயமான ஆசை. ஆனால் கறையான் தின்னாத மரம் ஏன் தின்னப்படவில்லை என்று யாரும் கேட்பதில்லை. சில மரங்கள் இயல்பிலேயே வைரமானவை. மற்றவை நஞ்சு ஏற்றப்பட்டவை, அந்த நஞ்சைத்தான் மருந்து என்கிறோம். மூன்று வயதுப் பிள்ளை கை வைக்கிற இடத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

ஒரு முன்பள்ளியில் நான் கண்டதைச் சொல்கிறேன். மணல் தொட்டிக்கு வரம்பாகப் பழைய சிலிப்பர் கட்டைகளை, அதாவது ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டைகளை, அடுக்கியிருந்தார்கள். இலவசமாகக் கிடைத்தவை, எத்தனை மாரி வந்தாலும் அசையாது என்று சொன்னார்கள். நான் போனது பதினொரு மணி வெயிலில். கட்டையின் வெடிப்புகளுக்குள்ளிருந்து கறுப்பாக ஏதோ கசிந்து மினுங்கிக்கொண்டிருந்தது. தார் மணம். ஒரு பெண் குழந்தை அந்தக் கட்டையில் குந்தியிருந்து பிஸ்கற் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பாவாடையின் பின்பக்கம் கறுப்புக் கறை, விரல் நுனியிலும் கறுப்பு. அந்த விரலாலேயே பிஸ்கற்றை உடைத்து வாயில் போட்டது.

சிலிப்பர் கட்டையின் கதை வன்னிக்குப் புதிதல்ல. 1990 இல் வடக்குக்கு ரயில் நின்ற பிறகு தண்டவாளமும் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. பிறகு வேலிக்கும் கொட்டிலுக்கும் மாட்டுப் பட்டிக்கும் கைமாறின. ரயில் 2013 இல் மறுபடி கிளிநொச்சிக்கு வந்தபோது கொங்கிரீட் கட்டைகள்மேல் வந்தது. பழைய மரக் கட்டைகள் இன்னும் வளவுகளில் கிடக்கின்றன. எல்லாக் கட்டைக்கும் ஒரே மருந்துதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிலிப்பர் கட்டைகளுக்கு உலகம் முழுக்க வழக்கமாக ஏற்றியது கிறியோசோட் என்கிற, நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கிற எண்ணெய். அதில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் தரும் சேர்மங்கள் இருக்கின்றன. தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2003 இலிருந்து சாதாரண மக்கள் பாவனைக்கு அதை விற்க விடுவதில்லை. கறுத்துப்போய், வெயிலில் கசிந்து, தார் மணக்கிற கட்டை எதுவாக இருந்தாலும் அதைப் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குக் கொண்டு வராதீர்கள். வேறு பரிசோதனை தேவையில்லை, மூக்கு போதும்.

மூக்கால் கண்டுபிடிக்க முடியாத இன்னொரு மருந்து இருக்கிறது, எனக்கு அதைப் பற்றித்தான் கூடுதல் கவலை. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் கரைத்த கரைசல் அது. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் சி.சி.ஏ. என்பார்கள். மரத்தை ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கரைசலை அழுத்தத்தோடு உள்ளே ஏற்றுவார்கள். பைன் போன்ற மென்மையான மரம்கூட அதற்குப் பிறகு மண்ணுக்குள் பல பத்து வருடம் நிற்கும். கண்டுபிடித்தவர் நமக்குப் பக்கத்து நாட்டவர்தான். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சோந்தி காமேசன், 1933 இல். மின்கம்பத்துக்கும் பாலத்துக்கும் அது பெரிய உதவி, அதை மறுக்க முடியாது. புது மரத்தில் இலேசான பச்சை தெரியும். சில வருட வெயிலில் பச்சை போய்ச் சாம்பல் நிறமாகிவிடும், ஆர்சனிக் போகாது. குரோமியம் மற்ற இரண்டையும் மர நாரோடு பிடித்து வைக்கிறது என்பது உண்மை. ஆனாலும் முழுதாகப் பிடித்து வைப்பதில்லை. கையால் தடவினால் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், மழையில் கொஞ்சம் கசிந்து கீழே மண்ணில் இறங்கும்.

பெரியவர்கள் வேலியைத் தொட்டுவிட்டுக் கையைக் கழுவுவார்கள். பிள்ளை தொட்ட கையை வாய்க்குள் வைக்கும். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2003 இல் இதைத்தான் சொன்னது: விளையாட்டுச் சட்டத்திலிருந்து ஆர்சனிக் பிள்ளையின் உடம்புக்குப் போகிற முக்கிய வழி, கையிலிருந்து வாய். இரண்டு வயது முதல் ஆறு வயது வரை அப்படிப்பட்ட சட்டங்களில் விளையாடுகிற பிள்ளைகளில், பத்து லட்சம் பேருக்கு 2 முதல் 100 பேர் வரை வாழ்நாளில் நுரையீரல் அல்லது சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு மேலதிகமாக ஆளாகலாம் என்று கணக்கிட்டார்கள். இந்த எண்ணைப் பார்த்து யாரும் பதறி ஓட வேண்டாம். ஒருநாள் ஊஞ்சல் ஆடிய பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள், மண் அளைகிறார்கள், சிலர் மண்ணையே தின்கிறார்கள், எல்லா முன்பள்ளியிலும் குழாயில் தண்ணீர் வருவதில்லை. அங்கே கணக்குப் போட்ட பிள்ளையின் நாளும் இங்கே எங்கள் பிள்ளையின் நாளும் ஒன்றல்ல.

அப்புறம் அடுப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு எச்சரிக்கைகளில் ஒரு வரியில் முடிகிற விஷயம் வன்னியில் ஒரு வீட்டின் முழு நாளையும் தொடுகிறது. தச்சுப் பட்டறையில் மிஞ்சுகிற துண்டுகளை நாங்கள் எறிவதில்லை, அயல் வீட்டு அம்மாமார் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். பழைய ஊஞ்சல் சட்டத்தைக் கழற்றினாலும் அது கடைசியில் ஏதோ ஒரு அடுப்புக்குத்தான் போகும். சி.சி.ஏ. ஏற்றிய மரத்தை எரித்தால் ஆர்சனிக்கில் ஒரு பகுதி புகையோடு போகும், மிச்சம் சாம்பலில் செறிந்து நிற்கும். அந்தச் சாம்பலை எங்கள் வீடுகளில் என்ன செய்கிறோம்? சட்டி பானை விளக்குகிறோம். கத்தரிக் கன்றுக்கும் பயற்றங் கொடிக்கும் தூவுகிறோம். கோழிக் கூட்டில் போடுகிறோம். சில வீடுகளில் இன்னும் பல் தீட்டுகிறார்கள். மரத்தை எரித்துவிட்டோம், பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிற அந்த இடத்தில்தான் நஞ்சு கைக்கு எட்டும் தூரத்துக்கு வருகிறது. மருந்தேற்றிய மரத்தின் சீவலையும் தூளையும் துண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் அடுப்பில் வைக்கக் கூடாது. தச்சு வேலை செய்கிற என் சக தொழிலாளர்களுக்கும் இதைச் சொல்கிறேன். துண்டு கேட்டு வருகிறவர்களிடம் எந்தக் குவியலில் எடுக்கலாம், எதில் எடுக்கக் கூடாது என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிற எங்கள் உறவுகளே, உங்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் போகிற பூங்காக்களில் இந்த ஆர்சனிக் மரத்தைப் புதிதாகப் போட முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2003 முடிவோடு வீட்டுப் பாவனைக்கும் விளையாட்டுச் சட்டங்களுக்கும் அதை நிறுத்தினார்கள். ஐரோப்பாவில் 2004 இல் கட்டுப்பாடு வந்தது, இங்கிலாந்து அப்போது அதற்குள் இருந்தது. அவுஸ்திரேலியாவில் 2006 இலிருந்து விளையாட்டு உபகரணம், தோட்டத் தளபாடம், கைப்பிடி இவற்றுக்கு இல்லை. அதற்குப் பதிலாக அங்கே ஆர்சனிக் இல்லாத, செம்பை வைத்துச் செய்த மருந்துகளைப் பாவிக்கிறார்கள். நீங்கள் காசு அனுப்புகிறபோது படம் கேட்கிறீர்கள், பெயர்ப் பலகை கேட்கிறீர்கள், கணக்கு கேட்கிறீர்கள். எல்லாம் சரி. மரம் எங்கிருந்து வந்தது, என்ன மருந்து என்பதையும் கேளுங்கள். காசு தருகிற நீங்கள் கேட்டால் பதில் வரும். தச்சுக்காரன் நான் கேட்டால், 'தந்ததை வைத்துச் செய்யண்ணை' என்கிறார்கள்.

கழிவு ஒயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கராஜில் ஒரு கான் வாங்கி வந்து கப்பின் (நடுகிற மரத் தூணின்) அடியில் பூசுவது இங்கே பழக்கம். ஓடித் தேய்ந்த எஞ்சினின் உலோகமும், எண்ணெய் சூடாகி உருவான புற்றுநோய்ச் சேர்மங்களும் அந்தக் கறுப்புக்குள் இருக்கின்றன. மாட்டுப் பட்டிக்கே நான் பூச மாட்டேன், பிள்ளைகளின் ஊஞ்சல் கப்புக்கு எப்படிப் பூசுவது? பொதி இறக்கிய பலட் பலகைகளில் வாங்கு செய்கிறவர்கள் அதில் குத்தியிருக்கிற முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் சூடேற்றியது. எம்.பி. (MB) என்றால் மெதைல் புரோமைட் என்கிற நச்சு வாயுவால் புகையடித்தது, அதைப் பிள்ளைகளின் பக்கம் கொண்டு வர வேண்டாம். முத்திரையே இல்லாததையும் விடுங்கள்.

சரி, எதில் செய்வது? இதுதான் என் தொழில், இதில் நம்பிக்கையோடு பேச முடியும். மரம் உக்குவது முழு உயரத்துக்கும் அல்ல. மண்ணோடு முட்டுகிற அந்த ஒரு சாணில்தான் ஈரமும் காற்றும் சேர்ந்து நிற்கும், கறையானும் அங்கேதான் ஏறும். அந்த ஒரு சாணைக் காப்பாற்றத்தான் முழு மரத்துக்கும் நஞ்சு ஏற்றுகிறார்கள். நான் செய்வது வேறு. தரைக்கு மேலே ஒரு முழம் வரை சீமெந்துக் கட்டு, அதில் பதித்த துத்தநாகம் பூசிய இரும்புத் தட்டு, அதன்மேல் போல்ற் போட்டு மரக் கப்பு. மரம் மண்ணைத் தொடாது. கறையான் ஏறினால் சீமெந்தின்மேல் மண் கோடு தெரியும், தட்டிவிடலாம். இப்படி நிறுத்தினால் வேம்புகூட நல்ல காலம் நிற்கும். முதிரையும் பாலையும் கிடைத்தால் சொல்லவே வேண்டாம், அனுமதிப் பத்திரத்தோடு வந்த மரமா என்று மட்டும் பாருங்கள். முற்றிய பனையின் வெளி வைரம் அருமையான சாமான். உள்ளே இருக்கிற சோற்றியை எடுத்துவிட்டு, சிலாம்பு நிற்காமல் நன்றாகச் சீவி உரஞ்ச வேண்டும், பனஞ்சிலாம்பு ஏறினால் பிள்ளை துடித்துப்போகும். மணல் தொட்டி வரம்புக்கு மரமே வேண்டாம், இரண்டு வரிசைக் கல்லும் வழுவழுப்பான பூச்சும் போதும். வேலிக்குப் பூவரசங் கதியால் இருக்கிறது. நட்டால் தளிர்க்கும், நிழலும் தரும்.

இவை என்றைக்கும் நிற்காது என்பது எனக்குத் தெரியும். எட்டோ பத்தோ வருடத்தில் ஒரு கப்பை மாற்ற வேண்டி வரும். மாற்றுவோம். ஒரு தச்சனுக்கு ஒருநாள் கூலி, ஒரு துண்டு மரம். அந்தச் செலவை முதலிலேயே மதிப்பீட்டில் போட்டுவிடலாம்.

ஏற்கனவே நிற்கிற சட்டங்களை என்ன செய்வது என்று டீச்சர்மார் கேட்பார்கள். கறுத்துக் கசிகிற கட்டையை உடனே எடுக்க வேண்டும், அதில் இரண்டாவது பேச்சில்லை. தொட்டி மணலையும் அள்ளி மாற்றுங்கள். பச்சையோ சாம்பலோ, என்ன மருந்தென்று தெரியாத இறக்குமதி மரமாக இருந்து, உடனே மாற்ற வழியில்லை என்றால், மரத்துக்குள் ஊறி இறங்குகிற எண்ணெய் வகைப் பூச்சை வருடத்துக்கு ஒரு தடவை பூசுங்கள், மேற்பரப்பிலிருந்து வருவது குறையும். உரிந்து போகிற பெயின்ற் வேண்டாம். மண்கடதாசியால் உரஞ்சவே கூடாது, தூள் பறக்கும். அதன்மேல் சாப்பாடு வைக்க விடாதீர்கள். விளையாடி முடிந்ததும், சாப்பிட முன்னும், சவர்க்காரம் போட்டுக் கை கழுவ ஒரு வாளித் தண்ணீர் முற்றத்திலேயே இருக்கட்டும்.

பிரதேச சபைகளிடம் நான் கேட்பது இரண்டு. சிறுவர் பூங்காவுக்கோ முன்பள்ளிக்கோ கேள்வி (டெண்டர்) கோரும்போது மரத்தின் இனம், வந்த இடம், ஏற்றிய மருந்து மூன்றையும் எழுத்தில் கேளுங்கள், எழுத முடியாதவரின் மரத்தை எடுக்காதீர்கள். மற்றது, கழற்றுகிற கட்டைகளைப் பொறுப்பேற்க ஓரிடம் ஒதுக்குங்கள். கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி, மழை படாத கூரையின் கீழ். நீங்கள் எடுக்காவிட்டால் அது அடுப்புக்குப் போகும்.

மாரி மழை தொடங்கினால் கிடங்கு வெட்ட முடியாது, தையில் புதிய பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கறுத்த கட்டைகளை அதற்கு முன் எடுத்துவிடுங்கள். எடுக்க ஆள் இல்லாத முன்பள்ளி என்றால் எங்களைக் கூப்பிடுங்கள், கூலி பேச மாட்டோம்.

இப்படிக்கு,
கிளிநொச்சியில் இருந்து ஒரு தச்சுத் தொழிலாளி